துளையில் போன திகதி

கடிதம் வந்ததே மரியமலருக்குத் தெரியாது. லண்டனிலிருந்து பழைய சிநேகிதி பத்மப்ரியா போன் எடுத்து, "தபால் வோட்டைப் புதுப்பிச்சிட்டீரோ? எனக்கு முப்பத்தோராந் திகதி முடியுது. வெளிநாட்டிலை இருக்கிற ஆக்களுக்கு வேறை திகதியாம், கடிதத்தைப் பாரும்" என்றபோதுதான் அவளுக்குத் திக்கென்றது. அன்று ஜனவரி இருபத்திரண்டு.

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் அவளோடு இருக்கும் புருஷன் சூசைதாசனுக்கு ஒரு வியாதி உண்டு. வீட்டுக்குள் எந்தக் கடிதம் வந்தாலும் இரண்டு துளை போட்டு ஓர்ட்னர் கோப்பில் கோத்துவிட வேண்டும். வாசிப்பது அதற்குப் பிறகுதான், வாசித்தால். ஜெர்மனிக்கு வந்த முப்பத்தைந்து வருடத்தில் இந்த நாட்டிடமிருந்து அவன் மனதார ஏற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான்.

"லண்டன் கடிதமோ? இங்கிலீசிலை இருந்தது. உறையோடை கோத்து வைச்சிட்டன்."

"உறையோடையோ!"

மடித்தபடியே துளைத்திருந்தான். விரித்துப் பார்த்தால் கடிதம் முழுக்க ஓட்டை. 'உங்கள் தபால் வாக்கு முடிவடையும் நாள்' என்ற வரியில் ஜனவரி மட்டும் மிஞ்சியிருந்தது. எண் போய்விட்டது.

"என்னப்பா இது, தேர்தல் ஒண்டும் இல்லாத நேரத்திலை வோட்டு எப்பிடி முடியும்?" என்று சூசைதாசன் குழம்பினான். "இங்கை தேர்தல் வந்தா வோட்டுக் காட் வரும். நிரப்பி அனுப்பினாத் தபாலிலை போடலாம். அவ்வளவுதானே."

"அது உங்களுக்கு. நீங்கள் ஜெர்மன்காரன். பிரிட்டனிலை தபால் வோட்டுக்கு மூண்டு வருசத்துக்கு ஒருக்காப் புதுசா விண்ணப்பிக்கோணும்."

அவளிடம் இருந்தது பிரிட்டிஷ் பாஸ்போர்ட். லண்டனில் பதினாறு வருடம் முதியோர் இல்லத்தில் வேலை செய்து எடுத்தது. இவனைக் கட்டி இங்கே வந்து ஒன்பது வருடம் வரி கட்டியும் இங்கே வாக்கில்லை. பிறந்த யாழ்ப்பாணத்திலும் இல்லை. மூன்று நாட்டில் வாழ்ந்தவளுக்கு உலகத்தில் ஒரேயொரு வாக்கு, அதுவும் தபாலில். அது போய்விட்டால் தான் எந்த நாட்டு ஆள் என்று அவளுக்கே விளங்காமல் போய்விடும் என்று பயந்தாள்.

துளைக்கருவியின் அடித்தட்டைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தார்கள். மின்சாரம், காப்புறுதி, பல் வைத்தியர் எல்லாம் பொட்டுப் பொட்டாகக் கொட்டின. மூக்குக் கண்ணாடியோடு இரண்டு பேரும் அரை மணித்தியாலம் கிளறினார்கள். கடைசியில் ஒரு பொட்டு அகப்பட்டது. அதில் 1 என்ற எண் தெளிவாக இருந்தது, முன்னால் இருந்த எண் பாதி அறுந்திருந்தது.

"முப்பத்தொண்டு" என்றான் அவன்.

"இருபத்தொண்டு போலையும் கிடக்குது. அப்ப நேற்றே முடிஞ்சுது!"

தலைகீழாகப் பிடித்தும் பார்த்தார்கள். இன்னும் குழம்பியதுதான் மிச்சம். அதன்பிறகுதான் மரியமலருக்குப் புத்தி வந்தது. எந்தத் திகதியானால் என்ன, இப்போதே விண்ணப்பித்தால் போகிறது. போனைத் திறந்தாள். பிரிட்டனில் வேலை செய்தபோது கிடைத்த நாஷனல் இன்சூரன்ஸ் எண் மனப்பாடம். வெள்ளைத் தாளில் கையெழுத்து வைத்துப் படம் பிடித்து ஏற்றினாள். கையெழுத்து ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி விழுந்து மூன்று தாள் வீணானது. விண்ணப்பம் கிடைத்தது என்று மின்னஞ்சல் வந்தபோது வாய்விட்டே அழுதாள்.

சூசைதாசனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "போன தேர்தலிலை உம்மடை வோட்டு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததோ?"

"வாக்குச்சீட்டு இங்கை வந்ததே தேர்தல் முடிஞ்சு மூண்டு நாளுக்குப் பிறகு."

"பிறகு?"

"புள்ளடி போட்டு அனுப்பினனான்."

"எண்ண மாட்டாங்கள் எண்டு தெரிஞ்சுமோ?"

"ஓம்."

அவன் மேசையில் கிடந்த பொட்டுகளை ஒரு பக்கமாகக் கூட்டினான். பிறகு, கேட்காமலே சொன்னான்: "போன பெப்ரவரி நான் வோட்டுப் போடேல்லை."

"போனனீங்கள்தானே? அந்த ஞாயிறு காலமை, பள்ளிக்கூடத்துக்கு?"

"போனனான். வரிசை பெரிசாக் கிடந்தது. பக்கத்துப் பேக்கரியிலை பாண் வாங்கிக்கொண்டு வந்திட்டன்."

மரியமலருக்கு அந்தப் பாண் நினைவிருந்தது. சுடச்சுட இருந்தது. நல்லாயிருக்கு என்று சொல்லி அவள் இரண்டு துண்டு சாப்பிட்டிருந்தாள்.