தொடக் கூடாத ஆறு வாரம்

செவ்வாய்க்கிழமை நெல்சிக்கு மூன்று வீடு. காலை எட்டு மணிக்கு ஒரு வயிறு, பதினோரு மணிக்கு ஒரு முதுகு, இரண்டரைக்கு மறுபடி ஒரு வயிறு. ஆட்களின் பெயரைவிடக் கத்தி பட்ட இடம்தான் அவளுக்கு முதலில் ஞாபகம் வரும். பதினெட்டு வருஷத் தொழில் அப்படி ஆக்கிவிட்டது. கொலம்பியாவின் மெதெயின் நகரத்தில் கொழுப்பை உறிஞ்சி எடுத்துக்கொண்டவர்களும், வயிற்றுத் தோலை வெட்டித் தைத்துக்கொண்டவர்களும் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே ஒரு மசாஜ்காரிக்குச் சொல்லி அனுப்புவார்கள். வீக்கம் வடிய வேண்டும், உள்ளே தேங்கிய நீர் இறங்க வேண்டும். டாக்டர் செய்வது பாதி வேலை, மீதியை மசாஜ்காரிதான் முடிக்க வேண்டும் என்று ஊரே நம்புகிறது. நெல்சியும் நம்பினாள்.

மன்ரிக்கே மேட்டில் அவள் வீட்டுக்கு நூற்றுப் பன்னிரண்டு படி. எண்ணெய்ப் புட்டியும் கட்டுத் துணிகளும் இருந்த பையைத் தோள் மாற்றித் தோள் மாற்றி ஏறி வந்தபோது கட்டை விரல்கள் இரண்டும் தனியாக வலித்தன. உள்ளே மகள் யுரானி மேஜை மேல் ஒரு தாளை விரித்து வைத்துக் காத்திருந்தாள்.

"உக்காரும்மா. வெல்லத்தண்ணி சூடா இருக்கு, சீஸும் போட்டிருக்கேன். உன்கிட்ட ஒண்ணு பேசணும். எடுத்த எடுப்புல கத்தாதே."

"கத்துறதுக்குத் தெம்பு எங்கடி இருக்கு? சொல்லு."

"தாவாக்கட்டைக்கு சிலிக்கான் வச்சுக்கப் போறேன்."

நெல்சி கத்தவில்லை. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

யுரானிக்கு இருபத்தாறு வயது. நகர மையத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நான்கு சுவரிலும் கண்ணாடி, கல்லா மேல் ஒன்று, கையில் ஒன்று. வருகிறவர்கள் முகத்துக்கு எது பொருந்தும் என்று காட்டிக்கொண்டே நாள் முழுக்கத் தன் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருப்பாள். கீழுதட்டுக்கு அப்புறம் நேராகக் கழுத்துதான். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஆமை என்று பெயர்.

"அது உன் தாவாக்கட்டைதான்மா," என்றாள். குறையாகச் சொல்லவில்லை; பிறந்த தேதியைச் சொல்வது போலச் சொன்னாள்.

தாள் ஒரு காலண்டரின் பின்பக்கம். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தாள். நெல்சிக்குக் கண்ணாடி எடுத்துவர அலுப்பாக இருந்ததால் மகளே படித்தாள்.

"ஊசி போட்டு நிரப்பலாம். வெட்டு கிடையாது. ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் நிக்கும். பிடிக்கலேன்னா கரைச்சுடலாம். ஆனா அதுவாவே கரையும், மறுபடி மறுபடி போய் நிக்கணும். தப்பித்தவறி ரத்தக்குழாய்க்குள்ள போயிட்டா பெரிய ஆபத்து, அது அபூர்வம்தான்."

"ஊசின்னு சொல்லித்தான் ஒரு பார்மசிக்காரன் ஒருத்திக்கு ஏதோ எண்ணெயை ஏத்தினான், கல்லுக் கல்லா…"

"அது இல்லம்மா. அந்த எண்ணெயை நான் பட்டியல்லயே சேர்க்கல. அடுத்தது, எலும்பையே வெட்டி முன்னால நகர்த்தி ஸ்க்ரூ போடுறது. நம்ம எலும்புதான், வெளிப்பொருள் கிடையாது. ஆனா பெரிய ஆபரேஷன், கீழுதடு மரத்துப்போனாலும் போகும். கொழுப்பு எடுத்து வைக்கலாம், அதுல எவ்வளவு தங்கும்னு யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. சிலிக்கான்னா ஒரு மணி நேர வேலை. சீழ் பிடிக்கலாம், நகரலாம், வருஷக்கணக்குல அடியில இருக்குற எலும்பைக் கொஞ்சம் அரிக்கலாம்."

"சும்மா இருக்கலாம்னு ஒண்ணு எழுதலியா?"

"அதை இருபத்தாறு வருஷமாச் செஞ்சு பார்த்துட்டேன்மா."

நெல்சிக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டாள். தாளின் அடியில் இரண்டு டாக்டர் பெயர்கள். முதல் பெயர் சிஃபுவென்டெஸ். அதன் மேல் குறுக்கே அழுத்தி ஒரு கோடு, பக்கத்தில் 'தோன்யா மிர்தா' என்று, மரியாதைப் பட்டத்தோடு, எழுதியிருந்தது. இரண்டாவது டாக்டரின் இடம் ஜிம் ஒன்றின் மாடி.

"சனிக்கிழமை பத்து மணிக்கு அங்க வரச் சொல்லியிருக்காங்க. மதியமே வீட்டுக்கு வந்துடலாம்."

"அங்கயா? அங்க போன ரெண்டு பேருக்கு நான் கை வச்சிருக்கேன்டி. ஒருத்திக்கு அந்த டாக்டரோட முழுப் பேரே தெரியல. மயக்கம் கொடுத்தது யாருன்னு கேட்டா, நர்ஸ் மாதிரி ஒரு பொண்ணுங்கிறா."

"அப்போ யாருகிட்ட போக? சிஃபுவென்டெஸ் கிட்டயா? தோன்யா மிர்தா மூஞ்சியக் கோணலாக்கினது அவர்தானே? இதே மேஜையில உக்காந்து நீதானே சொன்னே, கசாப்புக்காரன்னு?"

நெல்சி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எதுக்குப் பயப்படுறே?" மகள் தாளை மடித்தாள். "யார் வச்சாலும் அப்புறம் பார்த்துக்க நீ இருக்கே. ஊரே உன் கைக்குக் காத்துக்கிடக்கு, எனக்கு வீட்டுலயே கிடைக்குது."

வெல்லத்தண்ணீரின் அடியில் சீஸ் உருகி ரப்பராக இழுத்தது. நெல்சி அதைச் சாப்பிடாமலே எழுந்தாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நடந்தது அது. பெலேன் பகுதியில் ஒரு பள்ளி அலுவலகத்தில் செயலாளராக இருந்த மிர்தா, டாக்டர் சிஃபுவென்டெஸிடம் மோவாய்க்கு சிலிக்கான் வைத்துக்கொண்டாள். ஒன்பதாம் நாள் நெல்சியைக் கூப்பிட்டாள். வலப்பக்கம் வீக்கம் வடியவில்லை, திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும், கொஞ்சம் இறக்கிவிடு என்றாள். மேஜை மேல் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் டாக்டர் கொடுத்த தாள் இருந்தது. ஆறு வாரம் யாரும் தொடக் கூடாது என்று பெரிய எழுத்தில் போட்டிருந்ததை நெல்சி பார்த்தாள். எல்லா டாக்டரும் எல்லாருக்கும் எழுதுவதுதானே என்று விட்டுவிட்டாள். வயிற்றுக்கு அழுத்துகிற அதே அழுத்தில், மோவாயிலிருந்து காதை நோக்கிக் கட்டை விரலை ஓட்டினாள். மூன்றாவது தடவை விரலுக்கு அடியில் ஏதோ நழுவியது. ஈரக் கையில் சோப்பு நழுவுகிற மாதிரி, அவ்வளவுதான். மிர்தாவுக்கு வலிக்கக்கூட இல்லை. நெல்சி கையை எடுத்துக்கொண்டு, போதும், வடிந்துவிட்டது என்றாள்.

இரண்டு வாரத்தில் மோவாய் ஒரு பக்கம் திரும்பி நின்றது. டாக்டர் மறுபடி திறந்து சரி செய்தார். இரண்டாம் தடவை சீழ் பிடித்தது. எடுத்தே போட வேண்டியதாயிற்று. இப்போது அங்கே ஒரு குழியும் தழும்பும். பெலேன் முழுக்க மிர்தா அந்த டாக்டரைக் கசாப்புக்காரன் என்று சொல்லித் திரிந்தாள். நெல்சி வியாழக்கிழமைதோறும் அவள் கழுத்தையும் தோளையும் பிடித்துவிட்டுக்கொண்டே ஆமாம் போட்டாள். ஒரு தடவை ஆமாம் போட்ட பிறகு நிறுத்தவும் முடியவில்லை. அந்த ஆமாம்தான் இப்போது தன் மகள் கையால் ஒரு கோடாகி, நல்ல டாக்டரின் பெயரை அடித்துவிட்டு ஜிம் மாடியை மிச்சம் வைத்திருக்கிறது.

புதன்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் மகளிடம் சொன்னாள். "நாளைக்கு உனக்கு மத்தியானம் லீவுதானே. என்கூட மிர்தா வீட்டுக்கு வா. ஒரு விஷயம் இருக்கு. ரெண்டு தடவை சொல்ல என்னால முடியாது."

மிர்தா வீட்டில் நாற்காலிகள் எப்போதும் ஒரே மாதிரிதான் கிடக்கும். ஜன்னல் தன் வலப்பக்கம் வராதபடி, விருந்தாளி தன் இடப்பக்கத்தை மட்டும் பார்க்கும்படி அவள் உட்காருவாள். வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகியும் பழக்கம் விடவில்லை.

"அடியே நெல்சி, என்ன இப்படி மூச்சு வாங்குது? இன்னிக்கு மசாஜ் எனக்கா, உனக்கா?" என்று வரவேற்றாள். யுரானியைப் பார்த்ததும் தட்டில் இன்னும் இரண்டு பொரித்த சீஸ் உருண்டை எடுத்து வைத்தாள். "இது யாரு, மகளா? சாப்பிடு. உங்கம்மா என்கிட்ட வந்தா ஒண்ணும் சாப்பிட மாட்டா. ஆறு வருஷமாப் பார்க்குறேன், காபியைக்கூடப் பாதியில வச்சுட்டுப் போவா."

"எனக்கும் தாவாக்கட்டைக்கு வைக்கலாம்னு இருக்கேன், தோன்யா மிர்தா," என்றாள் யுரானி.

"வச்சுக்கோ, யாரு வேணாங்குறா? ஆனா அந்தக் கசாப்புக்காரன்கிட்ட மட்டும் போகாதே. வேற யார்கிட்டயாவது வச்சுக்கிட்டு, மூணாம் நாளே உங்கம்மாவைக் கை வைக்கச் சொல்லு. என்னைத் தேத்தினதே இந்தக் கைதான்."

நெல்சி பையைத் திறக்கவில்லை. அதை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றபடியே இருந்தாள்.

"தோன்யா மிர்தா, உங்க தாவாக்கட்டையை நகர்த்தினது டாக்டர் இல்ல. நான்தான். அந்த ஒன்பதாம் நாள். விரலுக்கு அடியில நழுவுனது எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் சொல்லல."

யுரானி கையிலிருந்த உருண்டையைத் தட்டில் திரும்ப வைத்தாள். வெளியே மழை பிடித்தது. பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில் சடசடவென்று விழுந்தது. மிர்தா எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனாள். சாத்தவில்லை. அங்கேயே, வெளிச்சத்தில், வலப்பக்கம் தெரிய நின்றாள். யுரானி அந்தக் குழியை முதல் தடவையாக முழுசாகப் பார்த்தாள்.

"டாக்டர் கேட்டார்," என்றாள் மிர்தா. "யாராவது அமுக்கினாங்களான்னு ரெண்டு தடவை கேட்டார். ஒருத்தரும் தொடலேன்னேன். அந்தத் தாளைப் படிச்சும் உன்னைக் கூப்பிட்டேன்னு சொன்னா திட்டுவாரேன்னு பயம். ஐம்பது வயசுப் பொம்பளைக்குத் திட்டுக்குப் பயம், பாரு. அப்புறம் சொல்லிச் சொல்லி, நிஜமாவே யாரும் தொடலேன்னு எனக்கே ஆகிப்போச்சு."

"நீங்க இந்தத் தொழில் படிக்காதவங்க, தெரியாமக் கூப்பிட்டீங்க. தொழில் செய்யுறவ நான்."

"யாரு படிக்காதவ? இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றறிக்கை அடிச்சவ நான்." குரல் உயர்ந்து, உடனே இறங்கியது. "ஆனா நீ. ஆறு வருஷம். வியாழக்கிழமை வியாழக்கிழமை என் பின்னால நின்னுக்கிட்டு, நான் அந்த மனுஷனைத் திட்டத் திட்ட ஆமாம் போட்டுக்கிட்டு."

"ஆமா."

"இப்பவும் ஆமா போடாதேடி!"

மழைச் சாரல் உள்ளே வந்து தரையை நனைத்தது. கடைசியில் மிர்தா துடைக்கிற துணியை எடுத்துப் போட்டுக் காலால் தேய்த்தாள்.

"அடுத்த வாரம் வராதே," என்றாள். "அதுக்கு அடுத்த வாரம் என்னன்னு எனக்குத் தெரியல. நானே கூப்பிடுறேன். கூப்பிடலேன்னா நீயா வராதே." பிறகு யுரானியிடம், "நீ அந்த டாக்டர்கிட்டயே போ. என் பேரைச் சொல்லு. சொல்லிட்டு, நான் பொய் சொன்னேன்னும் சொல்லு," என்றாள்.

திரும்பும்போது பேருந்தில் தாயும் மகளும் தனித்தனி இருக்கையில்தான் உட்கார்ந்தார்கள், இடம் இருந்தும். நூற்றுப் பன்னிரண்டு படியில் பாதி ஏறியதும் யுரானி நின்று தாயின் பையை வாங்கிக்கொண்டாள்.

"ஏம்மா அப்பவே சொல்லல?"

"சொன்னா யாரு வேலைக்குக் கூப்பிடுவான்னு முதல் மாசம் நினைச்சேன். அப்புறம் வெட்கம். அப்புறம் அலுப்பு. நிஜமா அலுப்புதான்டி, தினமும் எழுந்திருச்சு அதைச் சொல்லாம இருக்குறது."

சனிக்கிழமை யுரானி ஜிம் மாடிக்குப் போகவில்லை. அடுத்த வாரம் சிஃபுவென்டெஸின் அறையில் நெல்சியே எல்லாவற்றையும் சொன்னாள். நரைத்த புருவமும் தூக்கமில்லாத கண்ணுமாக இருந்த அவர், பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். முடிந்ததும், "என் தையல் தளர்ந்துபோச்சோன்னு எத்தனையோ நாள் யோசிச்சிருக்கேன்," என்று மட்டும் சொன்னார். பிறகு யுரானியின் பல்வரிசையையும் தாடையையும் அளந்து பார்த்தார். எலும்பை வெட்டும் அளவுக்குக் குறை இல்லை, முதலில் ஊசி போட்டு ஒரு வருஷம் அந்த முகத்தோடு இருந்து பார்க்கலாம், அவசரம் ஒன்றுமில்லை என்றார். எதுவுமே செய்யாமல் எழுந்து போனாலும் தனக்கு வருத்தம் இல்லை என்றும் சொன்னார்.

யுரானி ஐந்து வாரம் எடுத்துக்கொண்டாள். அந்தக் காலண்டர் தாள் மடிப்பு மடிப்பாகக் கிழிந்தது. நெல்சியிடம் அவள் கேட்டபோதெல்லாம், எது நடந்தாலும் உன் மூஞ்சியில்தான் நடக்கும், நான் சொல்ல மாட்டேன் என்று நெல்சி ஒதுங்கிக்கொண்டாள். கடைசியில் யுரானி சிலிக்கானையே எடுத்தாள். வருஷா வருஷம் போய் ஊசிக்கு நிற்க எனக்குப் பொறுமை கிடையாது, பிடிக்காவிட்டால் இதையும் எடுக்கலாம், எடுத்தால் என்ன மிஞ்சும் என்பதை தோன்யா மிர்தா காட்டிவிட்டாள் என்றாள். "ஒண்ணே ஒண்ணு. நீ கை வைக்கக் கூடாது."

இப்போது சிஃபுவென்டெஸிடம் ஆபரேஷன் முடிந்து ஒன்பதாம் நாள். மிர்தா கூப்பிடவில்லை, ஏழு வியாழக்கிழமை போய்விட்டது. மேட்டில் பேச்சும் கிளம்பிவிட்டது. பக்கத்து வீட்டு எட்டில்மா வாசலில் நின்று, "மசாஜ்காரி வீட்டுப் பொண்ணு இப்படி வீங்கிக்கிடக்குறாளே, ஊருக்குத்தான் கையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். டாக்டர் கொடுத்த தாள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. யாரும் தொடக் கூடாது என்ற வரிக்குப் பக்கத்தில் யுரானி தன் கையால் 'அம்மாவும்' என்று எழுதி வைத்திருக்கிறாள்.

மத்தியானச் சூப்பை வடிகட்டி ஆறவைத்துக் கொடுத்தபோது யுரானி இரண்டு கரண்டியோடு நிறுத்திக்கொண்டாள். முகம் கனத்து, தூக்கம் பாதியும் வலி பாதியுமாக, தன்னை அறியாமல் தலையைத் தாயின் பக்கம் சாய்த்தாள்.

"வலப்பக்கம் கல்லு மாதிரி இருக்கும்மா. கொஞ்சம்… லேசாத் தடவி விடேன்."

நெல்சியின் விரல்களுக்கு அந்த வீக்கம் எங்கே தொடங்கி எங்கே இறங்க வேண்டும் என்று தொடாமலே தெரிந்தது. அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னும் முப்பத்து மூணு நாள்டி," என்றாள். "கரண்டியைப் பிடி. நீயே குடி."