நீறு பூசிய ஓக் மரங்கள்

தன் மகன் தாரகனுக்கு அரசாங்க வேலை கிடைத்துவிட்டது என்று குணேஸ்வரி ஸ்டுட்கார்ட் கோயிலில் அறிவித்தபோது, அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கொடுத்தது அரசாங்கம், கொடுத்தது வேலை. வேலையற்ற இளைஞர்களை ஆறு மாதம் காடுகளுக்கும் பூங்காக்களுக்கும் ஏவல் வேலைக்கு அனுப்பும் திட்டம் அது என்பதையும், ஆறு மாதம் முடிந்ததும் திட்டம் கையை விரித்துவிடும் என்பதையும் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "காட்டு இலாகா" என்பதை மட்டும் சற்று அழுத்திச் சொன்னார். ஜீப், தொப்பி, தோளில் துவக்கு ஆகியவற்றைக் கேட்டவர்களே சேர்த்துக்கொண்டார்கள்.

தாரகனிடம் இருந்தவை ஒரு சோடிக் கையுறையும் ஒரு வாளி வெள்ளைச் சாயமும். மின்வேலைப் பயிற்சி ஒன்றையும் வங்கிப் பயிற்சி ஒன்றையும் பாதியில் விட்டவன் அவன். ஆனால் காட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே, இதை மட்டும் விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தான். இலையுதிர் காலத்தில் வனத்தொழில் பயிற்சிக்கு ஓரிடம் காலியாகவிருந்தது. வன அலுவலர் மக்டலீன் சொற்களைப் பங்கீட்டு அட்டைக்கு வாங்குபவர்போல் பேசுவார். "மரங்களுக்கு ஒழுங்காகக் குறியிடுங்கள். பிறகு பார்ப்போம்" என்றிருந்தார்.

விதி எளியது. வெள்ளைக் கோடு இருந்தால் அந்த மரம் நிற்க வேண்டும்; சிவப்புப் புள்ளி இருந்தால் விழ வேண்டும். சிவப்பை மக்டலீன் தம்மைத் தவிர வேறு யாரையும் தொடவிடுவதில்லை. தாரகனுக்கு வெள்ளை.

வெள்ளிக்கிழமை தூரிகை மயிரெல்லாம் உதிர்ந்து வெறுங்கட்டையாயிற்று. தாரகன் கையுறையோடு விரல்களைச் சாயத்தில் தோய்த்தான். தோய்ந்தவை மூன்று விரல்கள். பிறந்த நாள் முதலாக அவன் நெற்றியில் அம்மா இழுத்தது அப்படித்தான், அவன் கைக்கு வேறு முறை தெரியாது. மாலையில் திரும்பிப் பார்த்தான். பாதையோரத்து ஓக் மரங்கள் நாயன்மார் வரிசைபோல் நின்றன. வெள்ளை வெள்ளைதானே என்று வீட்டுக்குப் போய்விட்டான்.

ஞாயிறு மாலை குணேஸ்வரி கண் கலங்க வீட்டுக்குள் வந்தார்.

"தம்பி, கோயில் சந்திரகாந்தி அக்காவையளோட உன்ர காட்டைப் பாத்திட்டு வாறன். வேலை செய்யிற இடத்திலையும் நீ சாமியை மறக்கேல்லை."

"என்னம்மா சொல்லுறீங்கள்?"

"மரமெல்லாம் திருநீறு! பொட்டு இல்லாமல் நிக்கிறது ஒரு மாதிரிக் கிடக்கெண்டு அக்கா சொன்னா."

தாரகன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். "பொட்டு வைச்சனீங்களோ?"

"ஓம். ஒண்டும் விடேல்லை."

"என்ன நிறம்?"

"இதென்ன கேள்வி? குங்குமம் பச்சையிலயோ வரும்?"

"ஐயோ அம்மா, சிவப்பெண்டால் வெட்டச் சொல்லுற குறி! நாளைக்குக் காலமை மரம் வெட்டுற மிஷின் வருகுது!"

குணேஸ்வரி ஒரு கணம் யோசித்தார். "நாங்கள் வாழச் சொல்லி வைக்கிறம். அவையள் வெட்டச் சொல்லி வைக்கினம். பிழை ஆரில?"

"இரவைக்கு மழையெண்டவங்கள். கரைஞ்சிடும்தானே?"

"அதெப்படிக் கரையும்? நல்லெண்ணெயில குழைச்செல்லோ வைச்சது" என்றார் அவர், பெருமையோடு.

தாரகனுக்கு இரண்டு வழிகள் இருந்தன. விடியுமுன் போய்ச் சத்தமில்லாமல் கழுவலாம். ஒரு பொட்டுக் கண்ணுக்குத் தப்பினால் கிழ ஓக் ஒன்று போய்விடும். மக்டலீனிடம் சொல்லிவிடலாம், பயிற்சி போய்விடும். அவன் தொலைபேசியை எடுத்தான்.

"ஏன் மூன்று கோடு?" என்று கேட்டார் மக்டலீன்.

"தூரிகை கெட்டுவிட்டது."

"ஏன் சிவப்பு?"

"அம்மா."

"காலையில் அம்மாவையும் அழைத்து வாருங்கள்."

காலையில் குணேஸ்வரியும் சந்திரகாந்தியும் இன்னும் இரு பெண்களும் வாளி, சவர்க்காரம், தேங்காய்த் தும்பு சகிதம் ரயிலில் வந்து இறங்கினார்கள். மரம் வெட்டும் இயந்திரத்தின் ஓட்டுநர் தலைக்கவசத்தோடு முதல் ஓக்கின் முன்னால் நின்றார். திருநீறு நில் என்றது; குங்குமம் விழு என்றது. யாராவது முடிவு செய்யட்டும் என்று அவர் காலைச் சாப்பாட்டுப் பாணைப் பிரித்துச் சாப்பிடத் தொடங்கினார்.

பெண்கள் தேய்த்தார்கள். எண்ணெய் பட்டையின் வெடிப்புகளில் ஊறிவிட்டிருந்தது. சந்திரகாந்தி தேய்த்த பொட்டு, காசளவிலிருந்து தோசையளவுக்கு விரிந்தது.

"அன்ரி, தேய்க்காதேங்கோ! பெருக்குது!"

"நான் தேய்ச்சுப் போகாத கறை இந்த ஊரில இல்லை. நீ பேசாமல் நில்லு தம்பி."

மக்டலீன் வந்தார். பொட்டைத் தொட்டார், விரலை மோந்து பார்த்தார். பிறகு தும்புகளைக் கீழே வைக்கச் சொன்னார்.

"வெள்ளையோடு சிவப்பும் உள்ள மரத்தைத் தொடக் கூடாது" என்றார் ஓட்டுநரிடம். "தனிச் சிவப்பு மட்டுமே என்னுடையது."

"எனக்கு விளங்குகிறது" என்றார் ஓட்டுநர். "அடுத்து வருகிறவனுக்கு யார் விளக்குவது?"

மக்டலீன் தாரகனைப் பார்த்தார். பயிற்சி பாதியில் முடியும் விதத்தை அவன் முன்பே இரு முறை பார்த்தவனாதலால், கையுறைகளைக் கழற்றத் தொடங்கியிருந்தான்.

"போட்டுக்கொள்ளுங்கள்" என்றார் அவர். "நேற்று நீங்கள் மறைத்திருந்தால் மரமும் இராது, நீங்களும் இங்கே இருக்கமாட்டீர்கள். இந்தக் குறி மறைய மூன்று ஆண்டாகும். அதுவரை இதை விளக்க இங்கே ஓர் ஆள் தேவை. பயிற்சியும் மூன்று ஆண்டுதான்." வாளியைக் காட்டி, "புதுத் தூரிகை தருகிறேன். ஒரு கோடு" என்றார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அங்கே ஒருவரும் கேட்டதில்லை.

"என்னவாம்?" என்றார் குணேஸ்வரி.

"வேலை தாறாவாம், அம்மா. இந்தப் பொட்டு அழியுமட்டும்."

"அழியுமட்டுமோ?" என்று கேட்ட குணேஸ்வரி, மெல்லக் கைப்பையைத் திறந்து, குங்குமச் சிமிழும் எண்ணெய்ப் போத்தலும் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டார்.