கடல் தொடாத கிளைட்டன்

சென்ற கோடையில், கொக்குத்தீவில் போய் இறங்கிய மறுநாள் காலையிலிருந்து, கடல் கிளைட்டனைத் தொட மறுத்துவிட்டது. அவன் கரையில் வந்து நின்றால் தண்ணீர் பின்வாங்கியது. அவன் ஓரடி வைத்தால் அதுவும் ஓரடி தள்ளிப் போனது. சற்றுத் தள்ளி மகள் அனுஜாவும் மகன் ஆஸ்டினும் இடுப்பளவு தண்ணீரில் கும்மாளம் போட்டுக்கொண்டிருக்க, அவனைச் சுற்றி மட்டும் வட்டமாக ஈர மணலும், போக்கிடம் தெரியாமல் விழிக்கும் நண்டுகளும் கிடந்தன. செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த மனைவி டெல்பின், "இன்னும் கொஞ்சம் உள்ள போங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவனும் போய்க்கொண்டே இருந்தான். கணுக்கால்கூட நனையவில்லை.

"கடல் வத்திட்டு போல" என்றான்.

"புள்ளைங்க நிக்கிற எடத்துல தண்ணி கெடக்கே. உங்களுக்கு மட்டும் எப்படி வத்தும்?"

அந்தக் கோடைப் பயணமே இந்தப் படத்துக்காகத்தான். துறைமுகத்துச் சரக்குகளுக்கு அனுமதி வாங்கித் தரும் ஒரு கம்பெனியில், ஏசி அறையில் உட்கார்ந்து கண்டெய்னர்களைப் போனிலேயே விரட்டுவது கிளைட்டனின் வேலை. நீச்சல் தெரியாது. ஆனால் கல்யாண வீடு, ஞானஸ்நான வீடு எதுவானாலும், தன் தாத்தா ஒரே மூச்சில் கடலடிக்குப் போய் முத்தெடுத்த கதையைச் சொல்லாமல் அவன் கை கழுவியதில்லை. தாத்தா தூத்துக்குடி பேக்கரி ஒன்றில் மக்ரூன் சுட்டவர் என்பதும், குளிப்பதற்கே அரை வாளிக்கு மேல் தண்ணீரை நம்பாதவர் என்பதும் டெல்பினுக்குத் தெரியும். குடும்ப அமைதியை உத்தேசித்து அவள் வாய் திறக்கவில்லை. தோணிக்காரரின் மகளான அவளுக்கு நன்றாக நீந்த வரும். அதை யாரும் கேட்டதில்லை. முதலாளி தன் தீவு வீட்டின் சாவியைப் பிள்ளைகளின் மே மாத விடுமுறைக்குக் கொடுத்ததும், கிளைட்டன் ஆரஞ்சு நிறத்தில் அரைக்கால் சட்டை வாங்கி, 'வம்சத்தின் கடலுக்குத் திரும்புகிறேன்' என்று முகநூலில் அறிவித்துவிட்டான்.

கடல் விலகிய அன்றிலிருந்து இரண்டு நாள் அவன் தீவு வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பிறகு பனிமய மாதாவுக்கு நேர்ந்துகொண்டான். மாதாவும் இந்த விஷயத்தில் தலையிடவில்லை. டெல்பின் எதையும் வீணாக்குகிறவள் அல்ல. அவனைக் கூட்டிக்கொண்டு போய் நடக்கவிட்டு, பின்னாலேயே நண்டு பொறுக்கினாள். வள்ளத்தில் நல்ல தண்ணீர் கொண்டுவரும் சிலுவை அண்ணன் இதைப் பார்த்து, "தம்பி இருந்தா வலையே வேண்டாம் போலுக்கே" என்றார். பிள்ளைகள்தான் முதலில் பழகினார்கள். அப்பாவை இங்கே நில், அங்கே நில் என்று நிறுத்தி, தங்களுக்கு வேண்டிய இடத்தில் கரையை அமைத்துக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் கிளைட்டனுக்கும் பழைய குரல் திரும்பிவிட்டது.

"கடல் எனக்கு மரியாதை குடுக்கு, ஏளா. நம்ம வம்சம் அதுக்குத் தெரியும்லா."

டெல்பின் நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள். 

விடுமுறை முடியும் தறுவாயில் ஒரு மதியம், டியூபில் மிதந்துகொண்டிருந்த ஆஸ்டினைக் கரையிலிருந்து வீசிய கச்சான் காற்று உள்ளே தள்ளிக்கொண்டு போனது. மூன்று வயதுப் பிள்ளை அது விளையாட்டென்று சிரித்தான். கிளைட்டன் பார்த்துவிட்டு ஓடினான். அவன் ஓட ஓடக் கடல் விலகியது. விலகிய கடல் பிள்ளையையும் சுமந்துகொண்டு போனது. பாசி வழுக்கி விழுந்தான், எழுந்து இன்னும் வேகமாக ஓடினான், டியூப் இன்னும் சிறிதானது. அடுப்படியிலிருந்து ஓடிவந்த டெல்பின் ஒரே பார்வையில் புரிந்துகொண்டாள்.

"நில்லுங்க! நீங்க ஓட ஓடத்தான் புள்ள போவுது! திரும்புங்க, வீட்டப் பாத்து ஓடியாங்க!"

பெற்ற பிள்ளை கடலோடு போகும்போது அவனுக்கு முதுகைக் காட்டு என்றால் எந்தத் தகப்பனுக்குக் கால் வரும்? கிளைட்டன் நின்றான். ஆஸ்டின் இப்போது அழத் தொடங்கியது கேட்டது. அப்புறம் திரும்பினான். வாயில் வந்த புனிதர்களையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு, மகனைப் பாராமல், டெல்பினைத் தாண்டி, வீட்டைத் தாண்டி, தாழம்புதர்வரை ஓடினான். கடல் அவன் பின்னாலேயே வந்தது. போன வேகத்தில் திரும்பிய தண்ணீர், கரையேறி அடுப்பை அணைத்து, மீன் குழம்பில் உப்பைக் கூட்டிவிட்டுப் போனது. அந்தத் தண்ணீரில் கழுத்தளவில் நின்ற டெல்பின் எட்டி டியூபைப் பிடித்தாள்.

கிளைட்டன் இன்னும் கடலுக்கு முதுகு காட்டியபடியே நின்றான்.

"இருக்கானா?"

"இருக்கான். திரும்புங்க."

அவன் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் வம்சம் பற்றிய பேச்சு வரவில்லை, அதன்பிறகும் வந்ததில்லை.

ஊருக்குத் திரும்பும்போது, அவனை ஏற்றினால் வள்ளம் தரைதட்டும் என்று சிலுவை அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். மற்றவர்கள் வள்ளத்தில் போக, அவன் வெகுதூரம் ஒதுங்கிக் கடலடியிலேயே நடந்து சாயங்காலம் கரையேறினான். மோசேயோடு ஒப்பிட்டவர்களிடம் பங்குச்சாமியார், மோசேக்குப் பின்னால் ஒரு ஜனமே நடந்தது, இவன் பின்னால் நாய்கூட வரவில்லை என்று விளக்கினார். கப்பல் கட்டியிருக்கும் பக்கம் அவன் வர வேண்டாமென்று துறைமுகத்தில் பணிவாகச் சொன்னார்கள்; கம்பெனி அவனை மதுரை ரோட்டுக் கிளைக்கு மாற்றியது. இந்த மே மாதமும் ஞாயிறுதோறும் குடும்பத்தோடு கடற்கரைக்கு வருகிறான். போன வாரம் ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு வந்து, "அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, புள்ளைங்க குளிக்கணும்" என்றாள். கிளைட்டன் சுண்டல் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தான்.