லென்சுக்கு வைத்த பொட்டு

பொட்டு வைக்காமல் முரளிக்கு ஒரு வேலையும் ஓடாது. ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக ஒரு திருப்புளி வந்தால்கூடக் குங்குமம் வைத்த பிறகுதான் கையில் எடுப்பார். விண்வெளிக்குப் போகவிருக்கும் லேசர் கருவிக்குத் தலைமைப் பொறியாளர், படித்த படிப்புக்குக் குறைவில்லை. படிப்பு ஒரு பக்கம், சந்தனக் கிண்ணம் ஒரு பக்கம். கொல்லிமலைச் சோதனையும் ஆயுத பூசையும் ஒரே நாளில் அமைந்ததில் மனிதருக்கு உச்சி குளிர்ந்துபோனது.

அவர் குழுவில் லென்ஸ் வேலை பார்க்கும் பூங்குழலிக்கோ அந்த நாளை நினைத்தாலே கவலை. லேசர் வெளியே வரும் லென்சின் மேல் மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. அது கெட்டால் கருவியே குருடு, மேலே போய் மாற்றவும் ஆள் கிடையாது. அவள் வடிவமைத்தது கெட்டியான பூச்சு. ஒளியில் ஒரு துளியை அது விழுங்கிவிடும். முரளியின் மனம் மென்மையான பூச்சில்தான். அதில் ஒளி சிந்தாது.

"மேல யாரும்மா வந்து தொடப் போறா? கெட்டி எதுக்கு?" என்பார்.

சண்டை ஓயாததால் ஒரு முடிவுக்கு வந்தார்கள். மலையிலிருந்து அடிவாரத்துச் சேந்தமங்கலத்துக்கு ஒரு பகல் முழுக்க ஒளி அனுப்புவது. அவள் லென்சில் ஒரு கருகல் புள்ளி விழுந்தாலும் மென்மையான பூச்சே மேலே போகும். சோதனைக்கு மலை ஊர்க்காரர் ராசப்பனின் மிளகுத் தோட்டத்துக் கொட்டகையைப் பிடித்துக் கொடுத்தவளும் அவள்தான், கொல்லிமலைத் தேவனூர் நாட்டுப் பெண்ணாயிற்றே.

காலையில் மலை முழுக்கப் பனிமூட்டம். லென்சின் மூடியைக் கழற்றிச் சரிபார்த்தவள், கீழே ஒளியைப் பிடிக்கக் காத்திருந்த தனபாலிடம் போனில் பேச வெளியே போனாள். திரும்பி வந்தால் ஜெனரேட்டர், லேப்டாப், முக்காலி எல்லாவற்றிலும் பொட்டு. லென்சின் நட்டநடுவிலும் ஒன்று, அழகாக, சந்தனத்தின் மேல் குங்குமம். ஈரம் படிந்த மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டிருந்தார் முரளி.

"மூடி இல்லையா?" என்றபடி பையில் கண்ணாடியைத் துழாவினார்.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஒரு துகள் மிஞ்சினாலும் லேசர் அதை அங்கேயே வைத்து எரிக்கும், பூச்சு கொப்பளித்துவிடும். கையில் இருப்பதோ இந்த ஒரே லென்ஸ்.

"தப்பு என்னோடது. இன்னிக்கு வேண்டாம், வேற லென்ஸ் பண்ணிட்டு வருவோம்," என்றார் முரளி. நல்ல மனிதர்தான். ஆனால் வேறு லென்ஸ் செய்ய மாதக்கணக்காகும். அதற்குள் மென்மையானது ராக்கெட் ஏறியிருக்கும்.

"வேண்டாங்க சார். கழுவிப் பாக்கறேன்."

சுத்தமான நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சந்தனத்தை ஊறவைத்து இறக்கினாள். பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த தாளை ஒரே பக்கமாக இழுத்தாள், புதுத் தாள், மறுபடி புதுத் தாள். டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தபோது கண்ணாடி வெறுமையாக இருந்தது. வெயில் ஏறிப் பனி விலகியதும் லேசரைக் கொஞ்சம் கொஞ்சமாக முழுத் திறனுக்கு ஏற்றினாள்.

"வந்துருச்சுங்க," என்றான் தனபால் போனில்.

அதன் பிறகு பொரியும் சுண்டலும் தின்றுகொண்டு சாயங்காலம் வரை காத்திருந்தார்கள். ஒளி குறையவே இல்லை. லேசரை அணைத்து லென்சை நுண்ணோக்கியில் வைத்தாள். முரளி கண்ணாடி போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். எங்கும் ஒரு புள்ளி இல்லை.

"உன்னோடதே மேல போகட்டும். மத்ததா இருந்தா அந்தத் தொடைப்புலயே கீறியிருக்கும்," என்றார்.

வாழைப்பழத் தட்டோடு வந்த ராசப்பன் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். "பூசை போட்டதுனாலதான பூச்சு நின்னுச்சு, கண்ணு?"

முரளி இன்னொரு கை சுண்டல் அள்ளிக்கொண்டார்.

"அது எப்படியும் நின்னுருக்குமுங்க அண்ணா," என்றாள் பூங்குழலி. "பூசை போடலைன்னா அதோட கெட்டி சாருக்குத் தெரிஞ்சிருக்காது."