வண்டிக்கு மட்டும் வாங்க போங்க

பூந்தமல்லிக்கும் போரூருக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டும் மனோகரன், தன் வண்டியோடு வாங்க போங்க என்றுதான் பேசுவார். காலையில் அது கிளம்பாமல் இருமினால், அவசரமில்லை, மெதுவாக எழுந்திருங்கள் என்பார். மெட்ரோ தூண்களுக்கு ஓரமாகப் பள்ளத்தில் இறக்கி ஏற்றும்போது மன்னிப்புக் கேட்பார். விளையாட்டுக்குச் செய்வதில்லை. பல வருஷம் அடுத்தவர் வண்டிகளை வாடகைக்கு ஓட்டி, நடுரோட்டில் சவாரிகளிடம் திட்டு வாங்கியவர். இந்தச் சொந்த வண்டி ஒருநாளும் அவரை அப்படி நிற்க விட்டதில்லை. மரியாதை தானாக வந்துவிட்டது.

ஐ.டி. கம்பெனிக்குப் போகிற ஒரு பெண், பின்சீட்டில் உட்கார்ந்து அதைப் போனில் படம் பிடித்துப் போட்டாள். ஊரெல்லாம் சுற்றிய அந்த வீடியோ, காட்டுப்பாக்கத்தில் மருந்து அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிற அவர் மனைவி வடிவிடமும் வந்து சேர்ந்தது. சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை செய்யும் அகல்யாதான் காட்டினாள்.

"இன்னாக்கா, வண்டிக்கே இம்மாம் மரியாத. ஊட்ல உன்ன இன்னான்னு கூப்புடுவாரு?"

வடிவு சிரித்து மழுப்பினாள். பிறகு சோற்றைப் பிசைந்தபடியே யோசித்தாள். ஏய் என்பார். இந்தா என்பார். மகள் பிறந்தபின் சுரேகாம்மா என்று கூப்பிட்டார். சுரேகா கல்யாணமாகி ஆவடிக்குப் போனபின் அதுவும் நின்றுபோனது. மற்றபடி குடிக்கிறவர் இல்லை, கை நீட்டுகிறவர் இல்லை. யாரிடமும் குறை சொல்ல முடியாத மனுஷர். அதனாலேயே இதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

அந்த வாரத்தில் ஒருநாள் கம்பெனி வேன் வரவில்லை. நசரத்பேட்டையில் வீட்டை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த மனோகரன், வண்டியில் வரச் சொன்னார். பூந்தமல்லியில் சவாரிகள் ஏறியதும் வடிவு பின்சீட்டில் நாலு பேரோடு ஒடுங்கிக்கொண்டாள். கரையான்சாவடியில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மனோகரன் ஹேண்டில்பாரைத் தட்டிக்கொடுத்தார். வீடியோவில் வந்தவர் இவர்தான் என்று பக்கத்திலிருந்த பெண்மணிக்குத் தெரிந்துவிட்டது. இவரைக் கட்டிக்கொண்டவள் கொடுத்து வைத்தவள் என்று சத்தமாகச் சொன்னாள். வடிவு வெளியே பார்த்தாள். மனோகரனும் திரும்பவில்லை. தன் மனைவி பின்சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

காட்டுப்பாக்கம் வந்தது.

"நிறுத்துங்க அண்ணாத்தே" என்றாள் வடிவு.

யாரும் அதைக் கவனிக்கவில்லை. வழக்கமாகச் சவாரிகள் சொல்கிற வார்த்தைதான். அவள் இறங்கி ரோட்டைத் தாண்டும்வரை வண்டி அங்கேயே நின்றது.

சாயங்காலம் அவர் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்று, இன்னாத்துக்கு அப்படிக் கூப்பிட்டாய் என்று கேட்டார்.

"எனக்கு ஒரு பேரு கீது. கடசியா எப்ப சொன்னீங்கன்னு ஞாபகம் கீதா?"

கத்துவார், இல்லையென்றால் சிரித்துப் பேச்சை மாற்றுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவளைப் பார்க்காமலே சொன்னார்.

"வண்டிகிட்ட பேசுறது சுளுவு. அது திரும்பிப் பாக்காது. நீ பாப்ப. இன்னிக்கு இன்னா புச்சான்னு சிரிப்ப. எனக்கு வெக்கமாப் பூடும்."

அவள் மட்டும் தன்னை எப்படிக் கூப்பிடுகிறாள் என்று அவர் பதிலுக்குக் கேட்டார். கூப்பிடுவதே இல்லை, சோறு ஆனதும் தட்டை நங்கென்று வைப்பாள், அதுதான் அழைப்பு என்றார். அதுவும் நிஜம்தான். கம்பெனியில் பெட்டி மடிக்கிற மெஷினில் அட்டை சிக்கிக்கொண்டால், அவசரப்படாதே கண்ணு என்று அதைத் தடவிக்கொடுப்பவள் அவள். இத்தனை வருஷத்தில் இவரிடம் அந்தக் குரலில் ஒன்றும் சொன்னதில்லை. அதை அவரிடம் சொல்லவும் செய்தாள். கண்ணு என்றா கூப்பிடுவாய் என்று அவர் ஆச்சரியப்பட்டார். அதோடு பேச்சு நின்றது.

மறுநாள் காலையில் அவரே டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். சட்டையெல்லாம் போட்டு, தலை வாரி, சம்பந்தி வீட்டுக்காரரை வரவேற்கிற தோரணையில் நின்று, "வாங்க வடிவு, டீ சாப்புடுங்க" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவர் டம்ளரை சமையல் மேடைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

சிரிப்பு நின்றபோதுதான் உறைத்தது. எதற்கு வெட்கப்படுவதாக நேற்று சொன்னாரோ, அதையே செய்துவிட்டாள். டீயைக் குடிக்காமல் தெருவுக்கு ஓடினாள். அவர் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள், சத்தியமாகச் சிரிக்க மாட்டேன் என்றாள். கேட்டு வாங்கினால் வராது என்று அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். கோபமாகத் தெரியவில்லை. ஆனால் அன்று அந்த வண்டியிடமும் அவர் ஒன்றும் பேசவில்லை.

அன்று முழுக்க அவளுக்கு மெஷினிலும் மனம் நிற்கவில்லை. வேலை முடிகிற நேரத்தில் போன் அடித்தது. அவர்தான். வீட்டில் இருக்கும்போதே பேர் சொல்லிக் கூப்பிடாத மனுஷருக்கு, வேலை நேரத்தில் போன் செய்கிற வழக்கமும் கிடையாது. யாருக்கோ என்னவோ என்று பதறி எடுத்தாள். பின்னால் பஸ் ஹாரன்களும் கண்டக்டர்களின் கூச்சலும் கேட்டன.

"வடிவு" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஸ்டாண்டாண்ட கீர வந்துகீது. வாங்கிக்கினு வரட்டா?"

இந்தமுறை அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. என்ன கீரை என்று கேட்டாள். அரைக்கீரையும் இருக்கிறது, சிறுகீரையும் இருக்கிறது என்றார்.

"உங்களுக்கு எது புடிக்குமோ அத வாங்குங்க" என்றாள். அட்டை சிக்கும்போது மெஷினிடம் பேசுகிற குரல் அது. அவளுக்கே தெரிந்தது.

அவர் சரி என்றார். அப்புறமும் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.