சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஒரு பள்ளிக்கூடம்

கட்டடம் எழும்புவதற்கு முன்பே ஜனங்கள் அதற்குள் குடிபோய்விட்டார்கள். காலிமனையில் அளவுக்காரர் முந்தின நாள் சுண்ணாம்புப் பொடியால் போட்ட கோடுகள்தான் சுவர். ஞாயிற்றுக்கிழமை காலை, மூடுபனி இன்னும் கலையவில்லை. தொழுகைக்கூடமும் பள்ளிக்கூடமும் எப்படி இருக்கும் என்று பார்க்க வந்தவர்களில் ஒருவர்கூடக் கோட்டைத் தாண்டி நடக்கவில்லை. சுற்றிப் போய், வாசலுக்கென்று விட்டிருந்த இடைவெளி வழியாகத்தான் நுழைந்தார்கள். செருப்பைக்கூட அங்கேயே கழற்றினார்கள். கமிட்டித் தலைவரான பேக்கரிக்காரர், இல்லாத நிலைப்படி மண்டையில் இடித்துவிடாமல் குனிந்து வேறு போனார். மனுஷர் ஆறடி உயரம். பழக்கதோஷம்.

பின்பக்கத்து அறைதான் பள்ளிக்கூடம். அதன் நடுவில் அளவுக்காரரின் மனைவி நின்றிருந்தாள். பதினோரு வருஷமாக, இதுவரை தொழுகை நடந்த வாடகைக் கூடத்தின் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் பிள்ளைகளுக்கு ஓதக் கற்றுக்கொடுத்தவள். அடுத்த விசேஷத்துக்கு நாற்காலி அடுக்க ஆள் வந்தால் பாதிப் பாடத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட வேண்டும். இன்றைக்கு அவளை யாரும் எழுப்ப வரவில்லை. பனியில் முக்கால்வாசி மறைந்து, கனவில் நிற்பவள் போல நின்றாள்.

"ஏங்க, ஜன்னல் இங்கதானே?" என்று கேட்டு, வெறும் காற்றில் இரண்டு கதவுகளையும் தள்ளித் திறந்தாள். "திறந்தா பக்கத்து நர்ஸம்மா வீட்டுக் கத்திரிச்செடி தெரியும். பிள்ளைங்க அதையேதான் பார்த்துக்கிட்டு உட்காரும், பாருங்க."

அளவுக்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நிறைந்த நெஞ்சோடு சும்மா இருக்கத் தெரியுமா அவருக்கு? சட்டைப்பையிலிருந்து திசைகாட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்து அழகு பார்த்தார். முள் ஆடியது, நின்றது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை.

தட்டிப் பார்த்தார். நாலு எட்டு தள்ளி நின்று பார்த்தார். அதே இடம்தான். தொழுகிறவர்கள் முகம் திருப்ப வேண்டிய கிப்லாத் திசைக்கும், அவர் போட்ட முன்சுவர்க் கோட்டுக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற அளவுக்குக் கோணல் இருந்தது.

எப்படி நடந்தது என்பது உடனே புரிந்தது, அதுதான் கொடுமை. முந்தின நாள் அவர் முதுகுக்குப் பின்னால் லாரி இறக்கிய இரும்புக் கம்பிக் கட்டு கிடந்தது. இரும்பு பக்கத்தில் இருந்தால் முள் பொய் சொல்லும் என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. ஊரே சுற்றி நின்று பார்த்த பெருமையில் அது அவருக்கு மறந்துபோயிற்று. நாலைந்து பேர் கைப்பேசித் திசைகாட்டியை நீட்டி "கரெக்டா இருக்கு" என்று சொல்லவும் செய்தார்கள். அவர்களும் அதே கம்பியை உரசிக்கொண்டுதானே நின்றார்கள்! சாயங்காலம் கம்பி இடம் மாறிவிட்டது. தப்பு மட்டும் வெள்ளையாகத் தரையில் கிடந்தது.

மறுநாள் காலை மண் தோண்ட இயந்திரம் வருகிறது. கட்டடத்தைத் திருப்பினால் மனை போதாது, பின் மூலை அடிபடும். பின் மூலை என்றால் பள்ளிக்கூடம். வாயை மூடிக்கொண்டிருந்தால்? சுவர் எழும்பிய பிறகு எவராவது கண்டுபிடிப்பார், தொழுகை வரிசையைச் சாய்த்துப் போட்டுக்கொள்வார்கள், அவள் அறை அவளுக்கு நிற்கும். சைத்தான் இவ்வளவு விவரமாகக் கணக்குப் போடுவான் என்று அவர் நினைத்ததே இல்லை.

மனைவியிடம்தான் முதலில் சொன்னார்.

"கம்பிக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டா திசை பார்ப்பாங்க?" என்றாள் அவள். கையை நீட்டி, திறந்து வைத்த ஜன்னலை ஒவ்வொரு கதவாகச் சாத்தினாள். "போய்ச் சொல்லுங்க."

போய்ச் சொன்னார். பேக்கரிக்காரர் தாடியைத் தடவிக்கொண்டே இருந்தார். உள்ளே வரிசையைச் சாய்த்துக்கொள்ளலாமே என்று யாரோ சொல்ல, அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"வாடகைக் கூடத்துல பதினோரு வருஷம் தரையில டேப்பை ஒட்டிக் கோணலா நின்னாச்சு. சொந்த இடத்துலயும் கோணலாவா? சாய்ச்சா இருக்கிற இடத்துல ரெண்டு வரிசை குறைஞ்சிடும். ஆளுங்க எங்க நிப்பாங்க, ரோட்டுலயா?" சட்டென்று அளவுக்காரர் மனைவி பக்கம் திரும்பிக் குரலை இறக்கினார். "பள்ளிக்கூடத்தைப் பின்னாடி பார்த்துக்கலாம்மா."

அந்தப் 'பின்னாடி' எவ்வளவு நீளம் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம், டீ டம்ளரோடு நர்ஸம்மா நின்றிருந்தாள். அவர்கள் மதம் இல்லை. ஆனால் தெருவே நெரிசல் வரும், சத்தம் வரும் என்று முகத்தைத் திருப்பியபோது, வேலை முடிந்து வந்த களைப்போடு வீடு வீடாக ஏறி இறங்கிச் சம்மதக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தவள் அவள்தான்.

"எவ்வளவு இடிக்குது அண்ணே?" என்றாள்.

"மூலையில நாலடிம்மா."

டம்ளரைத் தரையில் வைத்தாள். வேலிக் குச்சி ஒன்றை ஆட்டிப் பிடுங்கினாள். அடுத்ததையும் பிடுங்கினாள். "என் பக்கம் தள்ளிப் போடுங்க. எழுதியும் தந்துடறேன்."

"வேணாம்மா," என்று பதறினார் பேக்கரிக்காரர். "நீங்க பண்ணினதே அதிகம்."

"பிள்ளைங்க படிக்கப் போற இடம்னு சொல்லித்தான் ஒவ்வொரு வீட்டுலயும் கையெழுத்து வாங்கினேன். இப்ப பள்ளிக்கூடம் இல்லேன்னா நான்ல பொய் சொன்னவளாயிடுவேன்?"

பேக்கரிக்காரர் குனிந்து அடுத்த குச்சியைப் பிடுங்கினார்.

அளவுக்காரர் சுண்ணாம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு கத்திரிச்செடிகளுக்கு நடுவே போனார். இருபத்தைந்து வருஷமாக ஊரார் நிலத்தை அளந்தவர். விரற்கடை இடத்துக்காக அண்ணன் தம்பி பேச்சை விட்டதைப் பார்த்திருக்கிறார். எல்லைக்கல்லைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்திவிடுங்கள் என்று காதில் கிசுகிசுத்தவர்கள் எத்தனையோ பேர். தன் நிலத்துக்குள் நகர்த்தச் சொன்னவர் ஒருத்தர் கிடையாது. பொடி இலையெல்லாம் சிந்தியது.

"நாடாவைப் பிடிச்சு ஒரு தடவை அளந்து பார்த்துக்குங்கம்மா," என்றார். "கை ஒரு மாதிரி இருக்கு. ஒரு அங்குலம் கூடப் போயிருந்தா…"

"போயிருந்தா போகட்டும் அண்ணே," என்றாள் நர்ஸம்மா.

அவர் சட்டியைக் கீழே வைத்தார். ஈரமண்ணில் அப்படியே உட்கார்ந்து, ஊர் பார்க்கிறதே என்றும் பாராமல் அழுதார்.