சேவலுக்கு ரசீது

மம்பட்டியின் முதல் வெட்டே புஷ்பபாயின் இடதுகால் பெருவிரலில் பட்டது. நகம் பிளந்து இரத்தம் சேற்றோடு கலந்தது. அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்த அம்மா ஞானபாய் ஓடி வரவில்லை. "சாக்பீஸ் பிடிச்ச கையாக்கும் அது. மம்பட்டி பிடிச்சா இப்பிடித்தான் இருக்கும்" என்றாள். புஷ்பபாய் பழைய துணியைக் கிழித்து விரலைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மறுபடியும் வெட்டினாள்.

ஐம்பத்துநாலாம் வருஷத்து வைகாசியில் இடவப்பாதி மழை காரோடு ஊரில் தொடங்கி நான்கு நாள் ஆகியிருந்தது. அவள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமலும் நான்கு நாள்தான். ஒன்பது வருஷம் மூன்றாம் வகுப்புக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். பள்ளி திறந்த அன்று மானேஜர் ஒரு தாளை நீட்டினார். ஊர் மலையாள ராஜ்யத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர வேண்டும் என்று கேட்கும் கூட்டங்களுக்குப் போனதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், இனிப் போகமாட்டேன் என்று அதில் மலையாளத்தில் எழுதியிருந்தது. மலையாளம் அவளுக்கு நன்றாகவே வரும். முழுவதையும் வாசித்தாள். மடித்து மேசைமேல் வைத்தாள். குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிவிட்டாள்.

வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு சென்ட் நிலம், அப்பா இறந்ததிலிருந்து புல் மண்டிக் கிடந்தது. அதைத்தான் கொத்தினாள். பாத்தி கட்டி நீர் பாய்ச்சுவது பற்றி அவள் எத்தனையோ தடவை பாடம் நடத்தியிருக்கிறாள். படத்தில் இருந்தபடியே சுற்றிலும் வரப்பு வைத்து, உள்ளே பள்ளமாக்கி, மிளகாய் நாற்றுகளை வரிசையாக நட்டாள். மூன்றாம் நாள் பாத்தி குளமாகிவிட்டது. நாற்றுகள் கறுத்து மிதந்தன.

பக்கத்து வீட்டு விஜயம்மா வேலிக்கு அப்பால் நின்று சிரித்தாள். "டீச்சரே, முளகுக்கு நீந்தத் தெரியுமோ? மழக்காலத்து பள்ளம் வேண்டா. மண்ணைக் கூட்டி மேடாக்கணும்." அவள் வீட்டில் மலையாளம் பேசுவார்கள். அவள் கணவன் மோகனன், எல்லை நகரக் கூடாது என்று கொடி பிடித்துப் போகிறவன். வழியில் புஷ்பபாயைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஆனாலும் வேலிப் பேச்சு ஒருநாளும் நின்றதில்லை. அடுத்த வாரம் விஜயம்மா அடைக்கு இருக்கும் ஒரு பெட்டைக்கோழியையும் பதினொரு முட்டைகளையும் கூடையோடு கொண்டுவந்து தந்தாள். பொரிப்பதில் பாதிக்குப் பாதி என்று பேச்சு.

முட்டையைத் திருப்பி வைக்கப்போன கையைக் கோழி கொத்திக் குதறியது. ஒன்பது குஞ்சு பொரிந்தது. இரண்டைக் கீரி கொண்டுபோயிற்று. ஒன்றைப் பருந்து, அவள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே, காலடியிலிருந்து தூக்கியது. மிச்சத்தைக் கூட்டிக்கொண்டு தாய்க்கோழி முளைத்திருந்த கீரைப்பாத்திக்குள் இறங்கி, அரைமணி நேரத்தில் ஒரு தளிர் விடாமல் கிளறிப் போட்டது. அன்று புஷ்பபாய் கிளறிய மண்ணில் உட்கார்ந்து அழுதாள். பலகையில் தப்பு விழுந்தால் அழித்துவிட்டு எழுதலாம். இங்கே தப்பு அப்படியே கிடந்து அழுகி நாறியது. அழுது முடித்தபின் தென்னைமடல் வெட்டிக்கொண்டு வந்து பாத்தியைச் சுற்றி ஆளுயரத்துக்கு அடைத்தாள். மறுபடி விதைத்தாள். ஓரத்தில் பந்தல் போட்டு நீட்டுப் பயறும் ஏற்றிவிட்டாள்.

ஆடிக் கடைசியில் மார்த்தாண்டத்தில் கூட்டத்தின்மேல் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்திய செய்தி வந்தது. ஊரில் ஆண்கள் பலர் சொந்தக்காரர் வீடுகளுக்கு ஒளிந்துகொள்ளப் போனார்கள். சந்தைக் கட்டடத்தில் போலீஸ் முகாம் வந்து இறங்கியது. அதற்கும் இரண்டு வாரம் கழித்து, பள்ளிக்கூடத்துப் பியூன் தங்கையன் அதே தாளோடு வந்தான். முற்றத்தில் நின்று தொண்டையைச் செருமினான். "இண்ணைக்கு ஒரு ஒப்பு, கையெழுத்து, போட்டா நாளைக்கு வகுப்புக்கு வரலாம்னு சொன்னாரு டீச்சர். ஊரு கிடக்க கிடப்பைப் பாத்தியளா? எதுக்கு வீம்பு?"

"குடுத்துரு மக்கா" என்றாள் ஞானபாய். அவள் குரலில் வழக்கமான குத்தல் இல்லை. பயம் இருந்தது. "ஒரு வரிதான? எழுதிக் குடுத்துட்டு மனசுக்குள்ள வச்சுக்க."

மனசுக்குள் வைத்துக்கொள்வதற்கா ஒன்பது வருஷம் பிள்ளைகளைச் சத்தம்போட்டு வாசிக்கச் சொன்னேன் என்று புஷ்பபாய் நினைத்தாள். தங்கையனை நிற்கச் சொல்லிவிட்டுப் பந்தலுக்குப் போய், கைநிறையப் பயறு பறித்து, வாழைநாரால் கட்டிக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள். "மானேஜர் சாருக்குக் குடுங்க. எனக்கிட்ட இதாக்கும் உண்டு. ஒப்பு இல்ல." தங்கையன் பயற்றையும் தாளையும் மாறிமாறிப் பார்த்தான். போகும்போது இரண்டு பயற்றை உருவித் தன் மடியில் செருகிக்கொண்டான்.

ஐப்பசியில் மிச்சமிருந்த ஆறு குஞ்சுகளில் ஐந்து தேறியிருந்தன, இன்னும் பங்கு பிரிக்கவில்லை. மூன்று பெட்டை, இரண்டு சேவல். சேவல்களுக்கு அப்போதுதான் கொண்டை சிவந்துகொண்டிருந்தது. அந்த நாட்களில் முகாமிலிருந்து போலீஸ்காரர்கள் கூட்டத்துக்குப் போனவர்களின் வீடாகப் பார்த்து நுழைந்து கோழி பிடித்துக்கொண்டு போனார்கள். யாரும் எதிர்த்துக் கேட்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை பத்துமணிக்கு ஒருவன் புஷ்பபாயின் முற்றத்தில் வந்து நின்றான். மீசை சரியாக முளைக்காத வயது. "ரெண்டு பூவன் வேணும். கேம்பிலேக்கா" என்று சேவல்களைக் காட்டினான்.

"பிடிச்சுக்கிடுங்க" என்றாள் புஷ்பபாய். "ரசீது எழுதித் தந்துட்டுக் கொண்டுபோங்க."

"ரசீதோ?"

"ஆரு வாங்கினது, எத்தனை கோழி, எவருக்க உத்தரவு. எழுதி ஒப்பிடணும். மலையாளத்தில எழுதினாலும் மதி, எனக்கு வாசிக்கத் தெரியும்."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பிறகு கோபத்தோடு கோழிகளை விரட்டினான். ஒரு சேவல் பலாமரத்தில் ஏறிக்கொண்டது. மற்றதைப் பிடித்துக் காலைக் கட்டித் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு நடந்தான். புஷ்பபாய் உள்ளே போய் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"எங்க போற மக்கா?" என்று அம்மா கேட்டாள்.

"ரசீது வாங்கிட்டு வாறேன்."

பத்தடி பின்னால் நடந்தாள். அவன் வேகம் கூட்டினால் அவளும் கூட்டினாள். அவன் நின்று முறைத்தால் அவளும் நின்றாள். சாயாக்கடை வாசலில் இருந்த ஆண்கள் தம்ளரைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். "பாத்துக்கிடுங்க" என்று அவர்களிடம் சொன்னாள், பள்ளிக்கூடத்துக் குரலில். "எனக்க சேவலாக்கும் அது."

முகாமில் ஹெட்கான்ஸ்டபிள் பெல்ட்டைத் தளர்த்திவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டார். "டீச்சரல்லே? கேஸ் எடுத்து உள்ள வைக்கணோ?"

"எடுங்க. கேஸில சேவலும் வரணும்லா. அதை எழுதும்போ எனக்கும் ஒண்ணு எழுதித் தாங்க."

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, அங்கேயே இருக்கட்டும், வெயில் ஏறினால் தானாகப் போய்விடும் என்று கையை வீசினார். அவள் சந்தைப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். தாளையும் பென்சிலையும் மடியில் வைத்தாள். சேலையை இழுத்து மூடிக்கொண்டாள். வெயில் ஏறியது. வாய் வறண்டது. எழுந்து போய்விடலாம் என்று இரண்டு தடவை தோன்றியது. இரண்டாம் தடவை எழுந்துவிட்டாள்கூட. அப்போதுதான் தெற்குத்தெரு செல்லபாய், கடற்கரைக்கு நாள்கூலிக்குப் போகிறவள், கூடையை இடுப்பிலிருந்து இறக்கிவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கு மூணு கோழி போச்சு. எனக்கும் வேணும் அந்த ரசீது." புஷ்பபாய் திரும்பவும் உட்கார்ந்தாள். உச்சிப்பொழுதுக்குள் ஐந்து பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். பிறகு, தலையில் முண்டுத்துணியைப் போட்டுக்கொண்டு விஜயம்மா வந்தாள். வாசலில் உட்கார்ந்திருந்த போலீஸ்காரனுக்கு அவள் மோகனனின் மனைவி என்று தெரியும். அவன் அவசரமாக எழுந்தான். "சேச்சி எந்தா இவிடே?"

"அந்தச் சேவலில் பாதி என்டெயா" என்றாள் விஜயம்மா. "எந்தப் பாதியா எடுத்தீங்கன்னு எழுதித் தரணும்." பெண்கள் வாய்பொத்திச் சிரித்தார்கள். அவள் இடம் கேட்டு, நெருக்கி, புஷ்பபாயின் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்தாள்.

உள்ளே அண்டாவில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. சமையல்காரன் கத்தியோடு வந்து ஹெட்கான்ஸ்டபிளின் முகத்தைப் பார்த்தான். அவர் படிக்கட்டைப் பார்த்தார். தளர்த்தியிருந்த பெல்ட்டை இறுக்கினார். தூணடியில் கட்டிப்போட்டிருந்த சேவல் இரண்டுமுறை உருண்டு புரண்டு, கட்டிய கால்களைச் சேர்த்து ஊன்றி எழுந்தது. கழுத்தை நீட்டியது. அதுவரை ஒருநாளும் கூவியதில்லை. முதல் சத்தம் துருப்பிடித்த கதவுபோல் பாதியில் உடைந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அது தலையை ஒருமுறை உதறிக்கொண்டு மறுபடியும் கழுத்தை நீட்டியது.